மாமன் போட்ட கூரையை ஐப்பசியில் பிரிக்கலாம்

என் மகனுக்கு, பரளச்சியிலிருந்து அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் வேறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். உன் மாமன் செல்லையாதான் நன்றாக இல்லை. அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எழுதச் சொல்லாமல் நானே எழுத உட்கார்ந்தேன். என் படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் அந்த வகுப்பில் வாத்தியார் மற்ற பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டியது என் சிலேட்டைத்தான். இதை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். நிதானமாகப் படி. பாதி படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடாதே.

லோன் கிடைத்துவிட்டது, சித்திரையில் லீவு போட்டு வருகிறேன், பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்குத் தளம் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். பேரன் குமாரும் கூட நின்று தகடு இறக்குவான், அவனுக்கும் விளையாட்டாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் என் மகன் மச்சு வீடு கட்டப்போகிறான் என்று சொல்லிவிட்டுத்தான் குடத்தையே இறக்கி வைத்தேன். ஆனால் நீ எனக்கு எழுதியதோடு நிற்கவில்லை. திருச்சுழியில் இருக்கிற உன் மாமனுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறாய். நீங்கள் போட்ட கூரை மாமா, முதல் போல்ட்டை நீங்கள்தான் கழற்றித் தரவேண்டும் என்று. முறை தெரிந்து, மரியாதை தெரிந்துதான் எழுதினாய். உன்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவன் நெஞ்சுக்கு என்ன வந்திருக்கிறது என்று நான்தான் உனக்கு எழுதவில்லை. இளைப்பு நோய், மதுரையில் மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு வரியோடு விட்டுவிட்டேன். தூரத்தில் இருக்கிற பிள்ளை, கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். இப்போது சொல்லாமல் முடியாது. சித்திரையில் வேண்டாம். ஐப்பசியில் வா. ஏன் என்று சொல்கிறேன்.

நம் பனையோலை வீடு எரிந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், அப்போது நீ ஏழாவது படித்தாய். பங்குனி வெயிலில் பின்னால் இருந்த வைக்கோல் படப்பில் பிடித்த தீ, காற்று ஒரு தூக்குத் தூக்கியதும் நம் கூரைக்கு வந்துவிட்டது. ஆள் தப்பியது பெரிது. தானியக் குலுக்கையில் இருந்த கம்பும், உன் பாடப் புத்தகமும், உங்கள் அப்பா கல்யாண வேட்டியும் போயின. அந்தச் சாம்பல் வாடை வீட்டுச் சுவரை விட்டுப் போகுமுன்னே உன் அக்கா பாக்கியம் சமைந்தாள். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டி வந்து குச்சு கட்ட வேண்டும், பெண் அந்தக் குச்சுக்குள் இருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றியதும் அதைப் பிரித்துத் தீ வைக்க வேண்டும். இது நம் வழக்கம். செல்லையாவும் ஒரு வண்டி ஓலையோடு வந்து வாசலில் நின்றான். ஓலையைப் பார்த்ததும் ஓடிப்போய் வண்டியை மறித்து நின்றேன். "ஓலைன்னு ஒரு கீத்து என் வாசலுக்குள்ள வரக்கூடாது, வண்டியத் திருப்பு" என்றேன். "ஓலை இல்லாம குச்சு எப்பிடிக்கா கட்டுறது? சேலையிலயா?" என்றான். "என்னத்துலயும் கட்டு. எரியாததுல கட்டு" என்றேன்.

அவன் அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு மில்லுக்குத் தகட்டுக் கூரை போடுகிற ஆட்களோடு சேர்ந்து அந்த வேலையைப் பழகிக்கொண்டிருந்தான். திரும்பிப் போனவன் மறுநாள் அதே வண்டியில் நாலு ஆஸ்பெஸ்டாஸ் தகட்டோடு வந்தான். ரம்பத்தால் அறுத்து, முளை அடித்து, கம்பியால் கட்டி உன் அக்காவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு குச்சு நிறுத்தினான். ஊரே வந்து பார்த்தது. உன் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "குச்சுக்குள்ள இருக்கது புள்ளையா, இல்ல கோடவுன்ல போட்ட மூட்டையா மதினி?" என்று கேட்டாள். நான் விடுவேனா? "ஒங்க அண்ணன் வீட்டுல இனிமே எரியுறதுக்கு ஒண்ணும் இல்ல, வயித்தெரிச்சலைத் தவிர" என்றேன். கடைசி நாள் குச்சைக் கொளுத்த வேண்டுமே, சாங்கியம் விடக்கூடாது என்று ஒரு தகட்டைத் தரையில் போட்டு அதன்மேல் வைக்கோலை வைத்துத் தீ வைத்தார்கள். தகடு சூடேறிப் படாரென்று வெடித்தது. சில்லு நாலா பக்கமும் பறந்தது. பெண்டுகள் எல்லாம் பாயைப் போட்டுவிட்டு ஓடினார்கள். உன் மாமன் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெடித்த தகடு வீணாகிறதே என்று அதை உரலில் போட்டு இடித்து, சுண்ணாம்போடு குழைத்து, அடுப்படித் தரைக்குப் பூசினோம். தரை கல்லாட்டம் இருந்தது. நீ தவழ்ந்த தரையில்லை, உன் பிள்ளைகள் தவழ்ந்த தரை அது.

அந்த மாதமே நம் வீட்டுக்கு முழுக்கூரையும் போட்டுக் கொடுத்தான். நகை போட முடியாத மாமன், சீராகக் கூரை போட்டான். உங்கள் அப்பா, "அவுக அவுக மச்சினன் மோதரம் போடுவான், எனக்குப் பாரு, எம் மச்சினன் தலைக்கு மேலயே சீர் வச்சிட்டான்" என்று பஸ் ஏறுகிற இடத்தில் எல்லாம் பேசினார். தகட்டை அறுக்கும்போது செல்லையாவின் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். "மாமா கிழவனாயிட்டாரு" என்று நீ கை தட்டுவாய். "ஏ மாப்ளே, ஒனக்குக் கூரை போட்டே கிழவனாயிட்டேன்டா" என்பான். சாப்பிட வரும்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவான். உதறிய பொடியை நான் விளக்குமாற்றால் தள்ளுவேன். சந்து வழியாக விழுகிற வெயிலில் அது மின்னிக்கொண்டு மிதக்கும். அழகாக இருக்கும் என்று இப்போது எழுதக் கை கூசுகிறது.

தீக்காகப் போட்ட கூரை தண்ணீருக்கும் ஆனது. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது உனக்குத் தெரியும். ஓலைக் கூரையில் விழுந்த மழை கஷாயமாட்டம் வடியும். தகட்டில் விழுந்த தண்ணீரோ பளிங்காக வந்தது. முதல் மழையை ஓட விட்டுவிட்டு, அடுத்த மழைக்கு அண்டா வாயில் வேட்டியைக் கட்டிப் பிடித்தால் தை மாதம் வரைக்கும் குடிக்கலாம். அதற்காக வருஷா வருஷம் புரட்டாசி பிறந்ததும் உன் மாமன் கம்பி பிரஷ்ஷோடு வந்துவிடுவான். பாசி, காக்கை எச்சம், பனங்காட்டுத் தூசி எல்லாவற்றையும் வறட்டு வறட்டென்று தேய்த்து எடுப்பான். நனைத்துத் தேய்க்கத் தண்ணீர் ஏது? மழைக்குமுன் ஒரு குடம் தண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிற ஊர். காய்ந்த தகட்டைத்தான் தேய்த்தான். எங்க அக்கா வீட்டில் குடிக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தேய்த்தான். அவனைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் கூப்பிட்டார்கள். வீரசோழன், காரியாபட்டி, திருச்சுழி என்று எங்கே தகடு ஏறினாலும் அறுத்தவனும் துளை போட்டவனும் தேய்த்தவனும் அவன்தான்.

பிறகு இருமல் வந்தது. காசநோய் என்று ஊசி போட்டார்கள். ஊசி முடிந்தும் இருமல் முடியவில்லை. மேட்டில் ஏறினால் நின்றான், அப்புறம் சமதரையிலும் நின்றான். போன கார்த்திகையில் நான்தான் அவனை மதுரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு இளவயசு டாக்டர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். உன் மாமனுக்கு அந்த மூச்சிலும் பெருமை போகவில்லை. "கூரை வேலை சார். நான் போட்ட தகட்டுல ஒழுகுதுன்னு ஒரு ஆள் சொல்லட்டும், மீசைய எடுத்துருதேன்" என்றான். டாக்டர் சிரிக்கவில்லை. படத்தைக் கீழே வைத்துவிட்டார்.

வடக்கே தகடு செய்கிற ஆலை இருக்கிற ஒரு ஊரில் அவர் முன்னே வேலை பார்த்தாராம். அங்கே வந்தவர்களுக்கும் இதே படம்தானாம். தகட்டுக்குள் இருப்பது வெறும் சிமெண்டு இல்லை, கல்லிலிருந்து எடுக்கிற ஒரு நார் என்றார். அறுத்தாலும் தேய்த்தாலும் உடைத்தாலும் அந்த நார் பொடியோடு கிளம்பும், கண்ணுக்குத் தெரியாது, மூச்சோடு உள்ளே போனால் திரும்பி வராது, வருஷக் கணக்கில் தங்கி நுரையீரலைக் கெட்டிப்படுத்திவிடும் என்றார். "இதுக்கு என்ன மருந்து சார்?" என்றேன். இருமலுக்கு மருந்து தருகிறேன் என்றார். நான் கேட்டது அதுவல்ல என்று அவருக்கும் தெரிந்தது. செல்லையா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் என்னிடம் மெதுவாக, "அடுத்த மழைக்காலத்த அவர் பாக்குறது கஷ்டம்மா" என்றார். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அவனே பேசினான். "இத்தன வருஷமா என் கையில கிடந்த சாமான் என்னையவே கொல்லுமாக்கா? சின்னப் பய டாக்டரு, எதையோ படிச்சிட்டுச் சொல்லுதான்" என்றான்.

உன் கடிதம் கிடைத்த அன்றே செல்லையா பஸ் ஏறிவிட்டான். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நம் வீடு கூப்பிடு தூரம்தான். அங்கிருந்து நின்று நின்று வந்தான். தோளில் சாமான் பை. உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்ததும் கேட்ட முதல் பேச்சு, "மாப்ளே என்னைக்கு வாரான்?" நேற்றுக் காலையில் நான் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டு வருவதற்குள் பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிச் சாத்திவிட்டான். நான் வந்து பார்க்கும்போது ஏணியில் கொஞ்ச உயரத்தில் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். மேலே போகவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஓடிப்போய் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"கீழ இறங்குடா செல்லையா."

"விடுக்கா. எந்தப் போல்ட்டு துருப்பிடிச்சிருக்குன்னு பாத்துட்டு இறங்குதேன்."

"நீ ஒண்ணும் பாக்க வேண்டாம். ஆள் விட்டுப் பாத்துக்கிடலாம்."

"எவனாச்சும் வந்து சம்மட்டியால அடிச்சு நொறுக்குவான். அது நான் வச்ச சீருக்கா. நான் போட்டேன், நான்தான் இறக்கணும்."

ஒவ்வொரு காலாக எடுத்து நானே கீழ்ப்படியில் வைத்து இறக்கினேன். குழந்தையில் அவனை வேப்பமரத்திலிருந்து அப்படித்தான் இறக்குவேன். தண்ணீர் கேட்டான். போன மழையில் பிடித்ததில் ஒரு பானை அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன், மொண்டு கொடுத்தேன். குடித்துவிட்டு, "இன்னும் இனிக்கித்தான் செய்யுது" என்றான். எனக்கு வாயில் வந்தது ஒரு பொய். "ஒம் மருமகன் சித்திரைக்கு வரலடா. லீவ மாத்திக் கேட்டிருக்கானாம். ஐப்பசியிலதான் வாரானாம்" என்றேன். கூரையை நிமிர்ந்து பார்த்தான். "ஐப்பசின்னா தகடு நனைஞ்சு வழுக்குமே. நான் வராம எவனையும் மேல ஏறவிட்டுராத" என்றான். சரி என்றேன்.

அந்தப் பொய்யை நீ உண்மையாக்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். மாமனுக்காக மட்டும் இல்லை, உனக்காகவும் குமாருக்காகவும் சொல்கிறேன். டாக்டரிடம் நான் நம் கூரையைப் பற்றியும் கேட்டேன். அது பாட்டுக்கு முழுசாகக் கிடந்தால் பயப்பட வேண்டாம், அதைக் கிளறுவதுதான் கெடுதல் என்றார். பிரித்தே தீரவேண்டும் என்றால் நன்றாக நனைத்துவிட்டுத்தான் தொடவேண்டும் என்றார். சித்திரையில் நம் ஊரில் குடிக்கவே தண்ணீர் இருக்காது, கூரைக்கு யார் ஊற்றுவது? ஐப்பசியில் மழையே நனைத்துக் கொடுக்கும், கண்மாயிலும் தண்ணீர் கிடக்கும், பிரிக்கப் பிரிக்க மொண்டு தெளிக்கலாம். ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் ஈரத் தகட்டின்மேல் ஒருவரும் காலை வைக்கக்கூடாது. பழைய தகடு, காலடியில் உடைந்து ஆளையே கீழே தள்ளிவிடும். உள்ளே சாரம் கட்டி நின்று கழற்றச் சொல். துருப்பிடித்த போல்ட்டு சுழலவில்லை என்றால் போல்ட்டைத்தான் அறுக்க வேண்டும், தகட்டை நெம்பக்கூடாது. முழுத் தகடாகவே கயிற்றில் இறக்கு, தூக்கி எறிய விடாதே. ரம்பமும் சம்மட்டியும் அன்றைக்கு நம் வாசலுக்கு வரக்கூடாது.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்காதே. துணிக்குள் அந்த நார் நுழையும் என்றார் டாக்டர். அதற்கென்று மூக்குமூடி இருக்கிறதாம், நீ இருக்கிற டவுனில் விசாரித்து வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் வாங்கி வா. உடுத்திய துணியை உதறாமல் தண்ணீரில் முக்கித் தனியே அலசு. கீழே விழுந்த சில்லைக் கூட்டக்கூடாது, ஈரச்சாக்கால் ஒற்றி எடுக்க வேண்டும். ஆட்டுக் கொட்டகைக்குத் தகடு வேண்டும் என்று இப்போதே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கொடுக்காதே. வாங்குகிறவன் அளவுக்கு அறுப்பான். கிணற்றுக்கும் கண்மாய்க்கும் தள்ளி, யாரும் உழாத இடத்தில் ஆழமாகக் குழி வெட்டி, நனைந்தபடியே சாக்கில் சுற்றிப் புதைத்துவிடு. அடுப்படித் தரையைக் கொத்த விடாதே, அதன்மேலேயே கனமாகச் சிமெண்டு பூசிவிடச் சொல். குமாரும் அவன் தங்கை சின்னவளும் அந்த நாட்களில் பாக்கியத்தின் வீட்டில் இருக்கட்டும். பாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவள் வந்து தங்கும்போது தொண்டையைச் செருமினால் நான் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறேன். ஏம்மா இப்படிப் பாக்குற என்கிறாள்.

இது எல்லாம் இந்தப் பட்டிக்காட்டுக்காரி சொல்கிறாள் என்று நினைத்தால் உன் ஆபீசில் படித்தவர்களைக் கேட்டுப் பார். அதற்குமுன் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் மாமனுக்கு ஒரு கார்டு போடு. லீவு ஐப்பசிக்கு மாறிவிட்டது மாமா, அதுவரைக்கும் கூரையை யாரும் தொடக்கூடாது, முதல் போல்ட்டு நீங்கள்தான் என்று எழுது. அதை நம்பிக்கொண்டு அவன் ஏணிப் பக்கம் போகமாட்டான். இப்போதும் இங்கேதான் இருக்கிறான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மேலே பார்த்து, எந்தத் தகட்டை முதலில் இறக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். வடக்கு ஓரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். அங்கேதான் கடைசித் தகட்டை ஏற்றினானாம்.

ஐப்பசியில் நீ வரும்போது அவனைத் தடுத்து நிறுத்த எனக்கு வேலை இருக்காது. அவனுடைய சாமான் பையைக் குலுக்கைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். ஸ்பேனர் அதற்குள்தான் இருக்கிறது. வடக்கு ஓரத்திலிருந்து ஆரம்பி.

அம்மா